முகம் இல்லாத சாமிகள்

சிவகாசிக்காரர்களுக்கு ஆடிப்பெருக்கு ஆற்றங்கரையில் இல்லை, அச்சகத்தில். எந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, பூஜை போட்டு, அடுத்த வருடக் காலண்டருக்கான ஆல்பத்தை அன்றைக்குத்தான் வெளியிடுவார்கள். முருகன், மகாலட்சுமி, வெங்கடாசலபதி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா என்று கனத்த தாள்களைப் புரட்டிப் புரட்டி ஏஜெண்டுகள் ஆர்டர் எழுதுவார்கள். மளிகைக் கடையோ, நகைக் கடையோ, எந்தச் சுவரில் சாமி தொங்கினாலும் அந்த முகம் சிவகாசி வழியாக வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதே ஊரிலிருந்து சாத்தூர் பக்கமோ வெம்பக்கோட்டை பக்கமோ டவுன் பஸ் ஏறி ஏதாவது ஒரு கிராமத்தில் இறங்கிப் பாருங்கள். கண்மாய்க் கரையிலும் கரிசல் காட்டு ஓரத்திலும் குடியிருக்கிற சாமிகள் பலவற்றுக்கு முகமே கிடையாது. சுண்ணாம்பு பூசிய பீடம். நட்டுவைத்த கல். வேப்பமரத்தடியில் ஊன்றிய சூலம். சில வீடுகளில் மூலையில் ஓர் ஓலைப்பெட்டி. அதற்குள் மடித்து வைத்த சேலை. கல்யாணம் ஆகாமல் செத்துப்போன ஒரு பெண்தான் அந்தச் சேலைக்குள் தெய்வமாக இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு நாள் பெட்டி திறப்பார்கள், புதுச்சேலை வைப்பார்கள், மூடிவிடுவார்கள்.

கல்லுக்கும் ஒரு நாள் முகம் வரும். மகாசிவராத்திரி அன்று மஞ்சளைக் குழைத்து அப்பி, மூக்கைப் பிடித்து, வெள்ளிக் கண்மலரைப் பதித்து, குங்குமம் வைத்துவிட்டால் அம்மன் விழித்துக்கொள்வாள். மறுநாள் தண்ணீர் ஊற்றினால் முகம் கரைந்து போகும். யாரும் வருத்தப்படுவதில்லை.

விருதுநகர் மாவட்டத்தின் சிறு சமூகங்கள் செய்யும் சடங்குக் கலை எல்லாமே ஏறக்குறைய இந்த ஜாதிதான். செய்வது, பயன்படுத்துவது, கரைய விடுவது. கரைய விடாமல் பிடித்து வைப்பது சிவகாசியின் தொழில். ஒரே வெயிலில், ஒரே மண்ணில் இந்த இரண்டும் நூறு வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வருகின்றன. இதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் இது என்று எனக்குத் தோன்றக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யார் இந்தச் சமூகங்கள்? 1985-ல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்தெடுத்த இந்த மாவட்டத்தில் தெருவில் தமிழ், வீட்டுக்குள் வேறு மொழி என்று வாழ்கிறவர்கள் ஏராளம். ராஜபாளையத்தில் ராஜுக்கள். கரிசல் கிராமங்களில் கம்மவார், ரெட்டியார், ராஜகம்பளத்தார், அருந்ததியர். இவர்கள் வீட்டில் தெலுங்கு. அருப்புக்கோட்டையில் நெசவு நெய்த தேவாங்கர்களுக்கு வீட்டு மொழி கன்னடம். மேற்கே மலையடிவாரத்தில் பளியர்கள். இவர்கள் பேசுவது தமிழ், ஆனால் தனிப் பழங்குடி. 'சிறுபான்மை' என்றதும் ஒடுங்கிக் கிடந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மதுரை நாயக்கர் காலத்தில் பாளையம் ஆண்டவர்களும் இதில் உண்டு, அவர்கள் வாசலில் தோல் கருவி அடித்தவர்களும் உண்டு. எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து அனுதாபப்படுவது சோம்பேறித்தனம்.

ராஜகம்பளத்தார் என்றும் தொட்டிய நாயக்கர் என்றும் சொல்லப்படுகிறவர்களை எடுத்துக்கொள்வோம். இவர்களுடைய தெய்வம் ஜக்கம்மா. அந்தப் பெயரைத் தமிழ்நாட்டுக்கு ஊரறியச் சொன்னது 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம். 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன் இந்தச் சமூகத்தின் தோக்கலவார் பிரிவைச் சேர்ந்தவர். படம் வருவதற்கு முன்பே, விடியற்காலையில் தெருத் தெருவாக வந்து ஜக்கம்மா சொல்வதாக நல்லது கெட்டது சொல்லிப்போன குடுகுடுப்பைக்காரர்கள் வழியாகவும் அந்தப் பெயர் நமக்குத் தெரியும். ஒரே தெய்வம் பாளையக்காரருக்குப் போர்த் தெய்வம், குடுகுடுப்பைக்காரருக்கு வாக்குத் தெய்வம். ராஜாவாக இருந்தவர்களின் இந்தச் சமூகத்தையே பிற்பாடு வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தான். இன்றும் விருதுநகர் உள்ளிட்ட மாவட்டங்களின் தொட்டிய நாயக்கர்கள் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள்.

இவர்களுடைய சடங்குப் பொருட்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் எழுதியிருக்கிறார். ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும்போது ஒரு கம்பளியை விரிக்கிறார்கள். அதன் மேல் தண்ணீர் நிறைத்த பித்தளைக் கலசம். உள்ளே வேப்பிலை, வாயில் மாவிலை, மேலே தேங்காய், சுற்றிலும் பூ. அவ்வளவுதான் சபையின் தெய்வம். கூட்டம் கலைந்ததும் தண்ணீர் கொட்டப்படும், கம்பளி மடிக்கப்படும்.

கல்யாணத்துக்கு ஊருக்கு வெளியே பச்சை இலையில் இரண்டு குடில் போடுவார்கள், பெண்ணுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. புங்கந்தழை அதில் கட்டாயம். அதற்கு ஒரு கதை இருக்கிறது. வடக்கே ஒரு சுல்தான் தங்கள் பெண்ணைக் கேட்டபோது கொடுக்க மனமில்லாமல் கூட்டமாக இரவோடு இரவாகக் கிளம்பினார்களாம். குறுக்கே கடக்க முடியாத ஆறு. இரு கரையிலும் நின்ற இரண்டு புங்கமரங்கள் வளைந்து ஒன்றையொன்று தொட்டுப் பாலமாக நின்று அவர்களைக் கரை சேர்த்தன. கரிசலில் குடியேறிய தெலுங்குச் சமூகங்கள் பலவற்றிடமும் இப்படி ஓர் ஓட்டக் கதை உண்டு. கி. ராஜநாராயணன் 'கோபல்ல கிராமம்' நாவலில் கம்மவாரின் இந்த வருகையைத்தான் எழுதினார். வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையை எப்படி வேண்டுமானாலும் எடை போடட்டும். ஒரு சமூகம் தன் மொத்த இடப்பெயர்வையும் நாலு முழம் இலைக்குடிலுக்குள் வைத்து, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதைப் புதிதாகக் கட்டி, வாட விட்டது என்பதுதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது.

கரைந்து போகாமல் இவர்கள் விட்டுச்சென்றது கல் ஒன்றுதான். கணவனோடு தீயில் இறங்கிய பெண்களுக்கு நட்ட சதிக்கற்கள் இந்த மாவட்டத்தில் கண்மாய்க் கரையிலும் முள்காட்டிலும் நிறையக் கிடக்கின்றன. ஆணும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். ஆணின் இடுப்பில் கத்தி. பெண்ணின் கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும், உயர்த்திய கை நிறைய வளையல். மாலைக்கோயில், தீப்பாஞ்சம்மன் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். கும்பிடுகிற பாட்டியிடம் கேட்டால், கல்லில் இருப்பவள் எரிந்து செத்தவள் என்பதைச் சொல்லும்போதே குரல் தணியும். இந்தக் கற்களின் அழகைப் பேசுகிறவர்கள் அதை மட்டும் பேசிவிட்டுப் போய்விடக் கூடாது. வளையல் போட்ட அந்தக் கை ஒரு கொடுமைக்கு அடையாளம். பயமும் பரிதாபமும் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் அவளைத் தெய்வமாக்கின.

இனி தேவராட்டம். தை மாதமோ, ஜக்கம்மா கோயில் விழாவோ, கல்யாணமோ, ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். காலில் சலங்கை, இரண்டு கையிலும் துணி. பாட்டு கிடையாது. தேவதுந்துபி என்று இவர்கள் சொல்லும் உறுமி மட்டும்தான். இடை சிறுத்த அந்தக் கருவிக்கு இரண்டு கண். ஒரு கண்ணை நேர்க்குச்சியால் அடிக்கிறார்கள். இன்னொரு கண்ணின் மேல் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது வருகிற சத்தம் அடி போல இருக்காது. மாடு அடித்தொண்டையில் கூப்பிடுவது போல இழுத்து வரும். அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் குரல் ஏறும், குறைத்தால் தணியும். ஆடுகிறவர்கள் அந்தக் குரலைத்தான் கேட்கிறார்கள். அடி மாறிய கணத்தில் வரிசை முழுக்க அடவு மாறும். யாரும் யாருக்கும் சைகை காட்டுவதில்லை. மெதுவாக ஆரம்பித்து, உட்கார்ந்து, எழுந்து, சுழன்று, கடைசியில் கால்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்துக்குப் போகும். தெரிந்தவர்களின் கண் ஆட்டக்காரர் மேல் இருக்காது. உறுமிக்காரரின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மணிக்கட்டு யாருடையது என்பதில் ஜாதி இருக்கிறது. கம்பளத்தாரே வாசிக்கும் ஊர்கள் உண்டு, அருந்ததியர் வாசிக்கும் ஊர்களும் உண்டு. கரிசலில் சாமி இறங்குவதே உறுமிச் சத்தத்துக்குத்தான். ஆனால் சாமியை இறக்கியவரைக் கோயிலுக்குள் விடுவதா என்று கேட்ட ஊர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தோல் கருவியைத் தெய்வீகம் என்றும், தோலைத் தொட்டவரைத் தீட்டு என்றும் ஒரே வாயால் சொன்னது நம் ஊர்.

தூத்துக்குடி மாவட்டம் ஜமீன் கோடங்கிப்பட்டியின் கலைஞர்கள் வழியாகத் தேவராட்டம் சமூகத்துக்கு வெளியே வந்தது. இன்று பள்ளி ஆண்டுவிழாவிலும் கல்லூரிப் போட்டியிலும் அரசு விழாவிலும் தேவராட்டம் இல்லாமல் இருப்பதில்லை. பெண்களும் ஆடுகிறார்கள். சமூகத்தின் மூத்தவர்கள் சிலருக்கு அதில் முணுமுணுப்பு உண்டு. எனக்கு இல்லை. சதிக்கல்லில் மட்டுமே பெண்ணுக்கு இடம் கொடுத்த மரபு, ஆட்டத்திலும் கொஞ்சம் இடம் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. மேடையில் எனக்கு உறுத்துவது வேறு. எட்டு நிமிடம், பத்து நிமிடம் என்று நேரம் கட்டி, முதல் அடியிலேயே உச்ச வேகத்தில் ஆரம்பிக்கிறார்கள். உறுமி மெல்ல மெல்ல ஆளை இழுத்துக்கொண்டு போகிற அந்த முதல் பகுதி மொத்தமாக வெட்டுப்படுகிறது. சில இடங்களில் உறுமியே இல்லை, ஸ்பீக்கரில் பதிவு ஓடுகிறது. பதிவுக்கு ஆடுகிறவன் அடுத்த அடி என்ன என்பதை மனப்பாடம் செய்துவிடுகிறான், கேட்பதில்லை. பெயர் தேவராட்டம்தான். இவர்களிடம் சேவையாட்டம் என்று இன்னொன்றும் உண்டு, பாட்டும் கோமாளியும் உள்ளது. அது மேடைக்கு அவ்வளவாக வரவில்லை. அதனால் வெளியே பலருக்கு அதன் பெயரே தெரியாது.

சடங்குக் கலை இப்படி இடம் மாறுவது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. குஜராத்தின் சோட்டா உதேபூர் பக்கம் ராத்வா பழங்குடியினர் வேண்டுதல் நிறைவேறினால் வீட்டுச் சுவரில் குதிரைகளை வரைவார்கள். பித்தோரா என்று பெயர். பூசாரி வந்து படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் வேண்டுதல் தீர்ந்தது. இப்போது அதே குதிரைகள் கேன்வாஸிலும் விற்பனைக்கு வருகின்றன. கேன்வாஸைப் பார்த்து ஒப்புக்கொள்ளப் பூசாரி வருவதில்லை.

தேவாங்கர்களிடம் போனால் கதை ரத்தமாக இருக்கும். அவர்கள் குலதெய்வம் சௌடேஸ்வரி, சௌடாம்பிகை. அம்மனைக் கோயிலுக்கு அழைத்து வரும் நாளில் வீரகுமாரர்கள் என்று விரதம் இருந்த ஆண்கள், சிறுவர்கள் உட்பட, கத்தியால் மார்பிலும் கையிலும் போட்டுக்கொண்டு ஆடி வருவார்கள். 'தீசுக்கோ தாயே' என்று குரல். அம்மன் நகர மறுக்கிறாள், ரத்தம் காட்டினால் ஓர் அடி வைப்பாள் என்பது நம்பிக்கை. காயத்தில் மஞ்சள் பொடியை அள்ளி அப்புகிறார்கள், பண்டாரம் என்பார்கள். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும். உற்றுப் பார்த்தால் கத்தி போகும் ஆழத்தில் ஒரு கணக்கு இருப்பது தெரியும், தாளத்தோடு விழுவது தெரியும். தலைமுறை தலைமுறையாக நூலும் நாடாவுமாக வாழ்ந்த கைகளுக்கு அளவு தெரியாமல் இருக்காது. சிறுவர்கள் கையில் கத்தி தேவையா என்ற கேள்வி மட்டும் எனக்கு இருக்கிறது. அதை அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே கேட்டால் நல்லது.

பளியர்களிடம் இத்தனை சாமான் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு, ராஜபாளையம் அய்யனார் கோயில், வத்திராயிருப்பு தாணிப்பாறை என்று மலையடிவாரக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். பளிச்சியம்மன், ராக்காச்சி, வனதேவதை. ஒரு மரம், அடியில் ஒரு கல், சாமி வந்தால் வாக்குச் சொல்ல ஓர் ஆள். அவர்கள் கோயில் அதுதான். இவர்களிடம் கலை எங்கே என்று கேட்கிறவர்கள், தேனெடுக்கப் போகுமுன் பாறையைக் கும்பிடுகிறவனின் கொடியேணியைப் பார்க்க வேண்டும். 2021-ல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் யார் எப்போது போகலாம் என்பதை வனத்துறை தீர்மானிக்கிறது. கல்லை நகர்த்தி அடிவாரத்தில் வைத்துக் கும்பிடலாம்தான். ஆனால் அந்தச் சாமி கல்லில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

இப்போது சிவகாசிக்குத் திரும்புவோம். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதற்கு லித்தோ கல் வந்தது. பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். லேபிளிலிருந்து காலண்டர். படம் வரைய ஆள் வேண்டுமே? பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு இருந்தார். 1898-ல் மயிலாப்பூரில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணர் ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, கம்பெனி கலைந்த இடமான கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். 1976-ல் மறையும் வரை அவரும் சுப்பையா, ராமலிங்கம், சீனிவாசன், அருணாசலம் போன்ற சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும்தான் நம் பூஜையறைகளில் இன்னும் சிரிக்கிறார்கள். நாடகத் திரையின் வெளிச்சமும் நகையும் அந்த முகங்களில் இருக்கும்.

கனடாவைச் சேர்ந்த ஸ்டீஃபன் இங்லிஸ் என்ற ஆய்வாளர் கொண்டைய ராஜுவைப் பற்றியும் எழுதினார், மதுரைப் பக்கம் சுடுமண் குதிரை செய்யும் வேளார்களைப் பற்றியும் எழுதினார். இரண்டையும் சேர்த்து யோசித்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். வேளார் செய்த குதிரை வழிபாடு முடிந்ததும் மழையில் நனைந்து உடைந்து மண்ணாகிவிடும், அடுத்த முறை புதிதாகச் செய்ய வேண்டும், அதுதான் முறை. இருக்கன்குடி மாரியம்மனுக்குச் செலுத்தும் மண் கை, மண் கால், மண் பிள்ளையும் அப்படியே. சரி, காலண்டரும் வருடம் முடிந்தால் பயனற்றதுதானே? ஆனால் அதை என்ன செய்வதென்று நமக்குத் தெரியவில்லை. தூக்கிப் போட மனம் வராமல் அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருகிறோம். எந்த ஊர் அரசமரத்தடியிலும் கண்ணாடி உடைந்த சாமி படங்கள் கிடக்கும். மண் குதிரைக்கு ஒரு முடிவு இருந்தது. அச்சடித்த முகத்துக்கு முடிவு எழுத நாம் மறந்துவிட்டோம்.

லட்சுமி வெடியை நினைத்துப் பாருங்கள். லேபிளில் லட்சுமி, வெடித்தால் தாள் தாளாகச் சிதறிக் காலில் மிதிபடுவாள். இது அவமதிப்பு என்று ஆட்சேபம் கிளம்பியது. ஆட்சேபம் நியாயமோ இல்லையோ, அதற்கு நேர்மாறான ஊர் ஒன்று இருக்கிறது. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் தாலி என்ற இடத்தில் பாய் சிறுபான்மை இனத்தவர் தங்கள் ஊர்த் தெய்வங்களை மரக்கட்டையில் செதுக்கி, முரட்டுத் தாளில் அச்சிட்டு, கும்பிட்டு முடித்ததும் கொளுத்திவிடுவார்கள். 'ஜியாமா' என்று பெயர். எரிவதுதான் அங்கே வழிபாட்டின் கடைசிப் படி. தாள் எரிந்தால் செய்தி தெய்வத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அச்சும் தெய்வமும் நெருப்பும் அங்கேயும் உண்டு, சிவகாசியிலும் உண்டு. அங்கே முடிவும் சடங்குக்குள் இருக்கிறது. இங்கே அது சந்தைக்குப் போய்விட்டது.

நான் முன்பு சொன்ன காரணம் இதுதான்: இப்போது முகம் இல்லாத சாமிகளுக்கும் முகம் வருகிறது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகம், பொங்கல் விழா, மாசி சிவராத்திரி எதுவானாலும் அழைப்பிதழ் வேண்டும், ஃப்ளெக்ஸ் வேண்டும். கல்லைப் போட்டால் எடுப்பாக இருக்காது. கணினியில் உட்கார்ந்து, ஏதோ ஓர் அம்மன் முகத்தை எடுத்து, கையில் வாள் கொடுத்து, பின்னால் ஒளிவட்டம் வைத்து, கீழே ஊர்ச்சாமியின் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் பங்காளிகள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிலை செய்யச் சொல்கிறார்கள். பீடத்தின் மேல் சிமெண்ட் அம்மன் ஏறுகிறாள். ஜக்கம்மா, பேச்சி, ராக்காச்சி எல்லோரும் ஒரே ஜாடைக்கு வந்துவிடுகிறார்கள். ஓர் எல்லைக்குள், ஒரு வகையறாவுக்கு மட்டும் சொந்தமான கோபமும் கதையும் அந்தப் பொது முகத்துக்குள் தங்குவதில்லை.

அச்சகக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கேட்பதைப் போட்டுக் கொடுக்கிறார்கள். சொந்தச் சாமிக்கும் ஒரு படம் வேண்டும், பெரிய கோயில் சாமி போலத் தன் சாமியும் சுவரில் தொங்க வேண்டும் என்ற ஆசையில் தவறும் இல்லை. நெடுங்காலம் ஏளனமாகப் பார்க்கப்பட்டவர்களுக்கு அது கௌரவம். ஆனால் பீடத்தை இடிக்காமல் படத்தை மாட்டிக்கொள்ளலாம். கல்லை உள்ளே விட்டுச் சிலையை வெளியே வைத்த ஊர்களும் இருக்கின்றன. அது கெட்டிக்காரத்தனம்.

படம் எடுத்தே தீர வேண்டும் என்றால் ஒரு வேண்டுகோள். அடுத்த சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போகும்போது செல்போனைச் சாமி பக்கம் திருப்புவதற்கு முன் உறுமிக்காரர் பக்கம் திருப்புங்கள். அவர் மணிக்கட்டு தெரிகிற மாதிரி, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, வெட்டாமல் எடுங்கள். அடிகளுக்கு அவர் என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் நன்கொடையாளர்கள் பெயர் ஐம்பது போடுகிறீர்கள். அவர் பெயருக்கும் ஒரு வரி விடுங்கள்.